நீலக்கல்லும் 'இயற்கை' என்னும் சொல்லும்

நீலக்கல் பதித்த நகையை விற்கும்போது 'இது இயற்கைக் கல்' என்று உறுதி கூறுவது வணிகர் வழக்கம். வாங்குபவருக்கு அச்சொல் மனநிறைவைத் தருகிறது. அறிவியல் நோக்கில் ஆராய்ந்தால், அது சொல்வது குறைவு, மறைப்பது மிகுதி.

நீலக்கல் குருந்தம் என்ற கனிமத்தின் ஒரு வகையாகும். ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் இத்தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதே. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் தூய நிலையில் நிறமற்றது. இரும்பும் டைட்டானியமும் மிகச் சிறிதளவு கலந்திருப்பின் நீல நிறம் தோன்றும்.

இலங்கையில் பால்போல் மங்கிய 'கெவுட' என்னும் கற்கள் கிடைக்கின்றன. முன்பு அவற்றுக்கு மதிப்பில்லை. 1970-களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, ஆக்சிஜன் குறைந்த உலையில் 1,500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றினர். கல்லை மங்கச் செய்த டைட்டானியம் ஆக்சைடு ஊசிகள் கரைந்தன. அந்த டைட்டானியம் கல்லிலிருந்த இரும்போடு இணைய, நீலம் பிறந்தது. வெளியிலிருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை, நிறமும் நிலையானது. இம்முறையைப் பழிப்பதற்கில்லை.

வேறொரு முறையில், வெளிறிய கல்லின் மேற்பரப்பில் டைட்டானியத்தை வெப்பத்தால் ஊடுருவச் செய்கின்றனர். இங்கு நீலம் மெல்லிய மேலடுக்கு மட்டுமே. கல்லை மீண்டும் பட்டை தீட்டினால் நிறம் வெளுத்துவிடும். ஆயினும் இக்கல்லும் மண்ணிலிருந்து எடுத்ததே. எனவே 'இயற்கை' என்ற சொல் இதற்கும் பொருந்திவிடுகிறது! இதுவே அச்சொல்லின் பெருங்குறை.

மறுபுறம், ஆய்வகத்தில் உருவான நீலக்கல்லைப் 'போலி' என்பதும் தவறு. பிரெஞ்சு வேதியியலார் வெர்னேய் 1902-இல் வெளியிட்ட முறையால் முதலில் மாணிக்கமும், பின்னர் நீலக்கல்லும் தயாரிக்கப்பட்டன. வேதியியல் அமைப்பு ஒன்றே; கடினத்தன்மையும் அதே 9 தான். நீல நிறக் கண்ணாடியே போலி. வெர்னேய் முறைக் கல்லை உருப்பெருக்கியால் நோக்கினால் வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தெரியலாம். சுரங்கக் கல்லில் அவை நேராகவோ கோணமாகவோ அமையும். ஆய்வகக் கல்லைச் சுரங்கக் கல் என்று விற்பதே மோசடி.

'சூடேற்றுவது உலக வழக்கம்; அதைச் சொன்னால் வாங்குவோர் மிரள்வார்கள்' என்பது வணிகர் வாதம். சூடேற்றாத நல்ல கல்லுக்கு வணிகர்களே கூடுதல் விலை கேட்கிறார்கள் அல்லவா? விலையில் வேறுபாடு காட்டுபவர்கள் விற்பனைச் சீட்டிலும் அதைக் காட்டுவதே முறை.

ஆகவே வாங்குவோர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: கல் சுரங்கத்திலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் உருவானதா? சூடேற்றப்பட்டதா? நிறத்திற்காக வெளியிலிருந்து ஏதேனும் சேர்க்கப்பட்டதா? விடைகளை எழுத்தில் பெறுங்கள். விலையுயர்ந்த கல்லெனில், விற்பவருடன் தொடர்பில்லாத ஆய்வகத்தின் சான்றிதழையும் கேட்டுப் பெறுவது நல்லது.