வயிற்று வலியும் 41 கேள்விகளும்

ஆரணியில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீடு. எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண், திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். பாட்டி, "புள்ள எதையோ பாத்துப் பயந்துடுச்சு" என்று வேப்பிலை அடித்து விபூதி பூசினாள். அப்பா மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தார். பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடும். அதனாலேயே 'நடிக்கிறா' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. பாட்டி சொன்னது பாதி சரி. பயம்தான். எதைப் பார்த்து என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அப்படிக் கேட்பதற்கென்றே வினாப்படிவங்கள் இருக்கின்றன. போரிஸ் பிர்மாஹரும் அவர் குழுவினரும் 1990களில் அமெரிக்காவில் பிள்ளைகளின் பதற்றத்தை அளக்க உருவாக்கிய 'ஸ்கேர்ட்' படிவத்தில் 41 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. கூட்டினால் 25 அல்லது அதற்கு மேல் வரும் பிள்ளையை மேற்கொண்டு கவனிக்க வேண்டும். பள்ளியில் வரும் வயிற்று வலியும் அந்த வாக்கியங்களில் ஒன்று. ஆஸ்திரேலியாவின் சூசன் ஸ்பென்ஸ் 1998ல் வெளியிட்ட படிவமும் இதே வகை.

இந்த முறையின் பெரிய பலம், பிள்ளையின் வாயிலிருந்தே கேட்பது. வகுப்பில் அடிதடி செய்பவன் தானாக ஆசிரியர் கண்ணில் படுவான். பதறும் பிள்ளை யாருக்கும் தொந்தரவு தராது. 'நல்ல பொண்ணு' என்று பாராட்டுகூட வாங்கும். 1987ல் உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தன்னைப் பற்றிப் பிள்ளைகள் சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு சராசரியாக வெறும் 0.22. பெற்றவர்களிடம் மட்டும் கேட்டால் பாதிக் கதைகூட வராது. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு தெரிந்தது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் மூன்று பேர். கேட்காமல் அந்த மூவரைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் படிவம் ஆரணிக்கு வரும்போது சில கேள்விகள் தடுமாறுகின்றன. தனியாகத் தூங்கப் பயமா என்கிறது ஸ்பென்ஸ் படிவம். தறி பாதி இடத்தை அடைத்துக்கொண்ட வீட்டில், மிச்ச இடத்தில் ஐந்து பேர் படுக்கிறார்கள். தனியாகத் தூங்குவது என்றால் என்ன என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டில் யாருக்காவது கெட்டது நடந்துவிடுமோ என்ற கவலை உண்டா என்றும் கேட்கிறது. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பாவு நமத்துப்போகும், நெய்ய முடியாது. கூலி நிற்கும், முன்பணக் கடன் நிற்காது. இதைத் தினமும் பார்க்கும் பிள்ளை 'எப்போதும்' என்று குறித்தால், அது மனத்தின் மிகையா, வீட்டின் நிலவரமா? படிவத்துக்கு இரண்டும் ஒரே மதிப்பெண்தான். இதுவே இந்த முறையின் மிகப்பெரிய ஓட்டை என்பேன். பதற்றத்துக்கான நடத்தைச் சிகிச்சை, 'நீ அஞ்சுவது உண்மையில் நடக்கிறதா, சோதித்துப் பார்' என்று கற்றுத்தருகிறது. அஞ்சியதே நடந்துகொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லி என்ன பயன்? அங்கே வைத்தியம் கூலியிலும் கடனிலும் தொடங்க வேண்டும்.

யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். படிவத்தை ஆசிரியர் கொடுத்தால், "இது மார்க்குக்கா, மிஸ்?" என்று ஒரு குரலாவது எழும். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்து, 2018ல் 'லான்செட்' இதழில் வெளிவந்த 'சேஹர்' ஆய்வு, நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும் என்று காட்டியது. மாணவர் நலனுக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் நடத்தினார்கள். அந்த ஆலோசகர்கள் மனநல நிபுணர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடத்தில் பலனே இல்லை.

ஆகவே, படிவத்தை வாங்கிக்கொண்ட பின் பிள்ளையோடு உட்கார ஓர் ஆள் இல்லையென்றால், அதை வகுப்பில் விநியோகிக்கவே கூடாது. வலியைச் சொல்ல வைத்துவிட்டுக் கைவிடுவது கொடுமை. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416 இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் பல வீடுகளில் போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் கடைசியில் கேட்டது அவள் அத்தைதான். இருவரும் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது, "திங்கக்கெழம வலிக்குது சரி, ஞாயித்துக்கெழம ராத்திரி எப்படிடி இருக்கும்?" என்றாள். கொஞ்ச நேரம் ராட்டைச் சத்தம் மட்டும். பிறகு, "அன்னிக்குத்தான் அத்தை அப்பா முன்பணக் கணக்கு பாப்பாரு. மொதலாளி அடுத்த பாவு தரமாட்டாருன்னு அம்மாகிட்ட சொன்னாரு. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டுப் பேசினாங்க."