பட்டை மேலேயா, கீழேயா?

அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்தில் ஒரு கல்லூரி நண்பன் இருக்கிறான். சின்ன ஊர். வருஷத்தில் நாலைந்து மாசம் பனி. வீட்டுக்குள் விறகு எரித்துத்தான் குளிர் காய வேண்டும். போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன்.

'மாப்ளே, விறகு பிளக்கிற மெஷின் ஒண்ணு வாங்கணும். கோடாலி தூக்கித் தூக்கி முதுகு போச்சு. கடையில போனா அஞ்சு டன்ங்கறான், இருபத்தஞ்சு டன்ங்கறான், ஒண்ணும் புரியலை. நீதான் உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் பத்தி எழுதறியே, சொல்லு!'

நானும் அவனும் சேர்ந்து படித்தது பி.காம். விறகு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மண்ணெண்ணெய் தீர்ந்துபோன நாட்களில் அம்மா பையைக் கொடுத்து அனுப்பிய விறகுக்கடை மட்டும்தான். ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. 'பார்த்துச் சொல்றேன்டா' என்று வைத்துவிட்டேன்.

அப்படித்தான் லார்ஸ் மிட்டிங் எழுதிய 'நார்வேஜியன் வுட்' புத்தகத்தை மறுபடி எடுத்தேன். முரகாமி நாவல் இல்லை, பீட்டில்ஸ் பாட்டும் இல்லை. இது நிஜமாகவே விறகு பற்றிய புத்தகம். மரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது, காய வைப்பது, எரிப்பது. அவ்வளவுதான் விஷயம். 2011-ல் நார்வேஜிய மொழியில் வந்தது. மூலத் தலைப்பு 'ஹெல் வேட்'. முழு மரம் என்று அர்த்தம். 'ஆள் சொக்கத் தங்கம்' என்று நாம் சொல்கிற மாதிரி, நம்பகமான மனிதரைச் சொல்வதற்கும் அங்கே அதே வார்த்தைதான். ஐம்பது லட்சம் பேர் உள்ள நாட்டில் இரண்டு வருஷத்துக்குள் ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. ஆங்கிலத்தில் 2015-ல் வந்து, மறு வருஷம் பிரிட்டனில் புனைவல்லாத நூல்களில் சிறந்தது என்று விருதும் வாங்கியது.

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சி, இந்தப் புத்தகத்தை வைத்து 12 மணி நேர நிகழ்ச்சி நடத்தியது. முதல் நாலு மணி நேரம் விறகு பற்றிப் பேச்சு. மீதி எட்டு மணி நேரம் ஓர் அடுப்பில் நெருப்பு எரிவதை நேரடி ஒளிபரப்பு! ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு சமயம் பார்த்திருக்கிறார். புகார் எஸ்.எம்.எஸ்.களும் வந்தன. என்ன புகார் தெரியுமா? விறகை அடுக்கியது தப்பாம். பாதிப் பேர் பட்டை மேலே பார்த்திருக்கிறதே என்றார்கள். மீதிப் பேர், கீழே பார்த்திருக்கிறதே என்றார்கள்.

புத்தகத்தின் உயிர் ஆரம்பத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவர். நுரையீரல் கோளாறு. குளிர்காலம் முழுக்க வெளியே தலைகாட்டாதவர், ஏப்ரலில் ஒரு வண்டி விறகு வந்து இறங்கியதும் வெளியே வருகிறார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, மூச்சு வாங்கி, நின்று, அடுக்குகிறார். நாளாக ஆக அவர் முகத்தில் தெளிவு வருகிறது. மிட்டிங் இதை அலட்டாமல் எழுதியிருக்கிறார். கண்ணைக் கசக்க வைக்கிற வேலையெல்லாம் இல்லை.

தகவல்களும் கச்சிதம். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அதை 20 சதவிகிதத்துக்குக் கீழே கொண்டுவந்தால்தான் விறகு. குளிர்காலத்தில் வெட்டு, ஈரத்தோடு இருக்கும்போதே பிள, காற்றாட அடுக்கு. பிளந்தால்தான் சீக்கிரம் காயும், பட்டை தண்ணீரை விடாது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் விறகுக்கடை ஞாபகம் வந்தது. நமக்கு விறகு எடைக் கணக்கு. கடைக்காரர் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துவைத்தால் காலையில் லாபம். அமெரிக்காவில் கன அடிக் கணக்கு: நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளம், மொத்தம் 128 கன அடி ஒரு 'கார்ட்'. அங்கே தண்ணீர் தெளித்துப் பிரயோஜனமில்லை. ஏமாற்றுகிறவன் இடைவெளி விட்டு அடுக்குவான், காற்றை விற்பான். எதை அளக்கிறோமோ அதில்தான் கள்ளத்தனம் குடியிருக்கும் என்று அக்கவுன்டன்சி வாத்தியார் சொல்லாமல் சொன்ன பாடம்.

ஆனால் மிட்டிங்கின் மனசு கோடாலிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு. அவர் உலகத்தில் விறகை எரிக்கிறவனே பிளக்கிறான், பிளக்கும்போது கவலையெல்லாம் பறந்துபோகிறது. சரி. நம் ஊரில் பிளந்தவர் வேறு, எரித்தவர் வேறு. இரும்பு ஆப்பும் சம்மட்டியுமாக வெயிலில் நின்று, கூலிக்கு வேர்க்கட்டை பிளந்த அந்த மனிதருக்கு எந்தக் கவலை பறந்துபோயிருக்கும்? எங்கள் பாட்டிக்கு விறகு என்றால் ஊதுகுழல், கண் எரிச்சல், இருமல். அந்த இருமலோடுதான் போய்ச் சேர்ந்தாள். நார்வேயில் 1998-லேயே புதிய அடுப்புகளின் புகைக்கு வரம்பு கட்டிவிட்டார்கள் என்பது உண்மை. இங்கிலாந்தில் 2021 மே முதல் ஈர விறகைச் சில்லறையாக விற்கவே தடை. அழகான நெருப்புக்குப் பின்னால் நுரையீரல் கணக்கு ஒன்றும் ஓடுகிறது. அந்தப் பக்கம் மிட்டிங் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிடுகிறார்.

முதுகு போனவனுக்கு அவர் புத்தகத்தில் தைரியம் கிடைக்கிறது, மெஷின் கிடைக்கவில்லை. ஆகவே விளம்பரத் தாள்களை எடுத்தேன். அதில் எழுதியிருப்பதும் ஒரு வகை இலக்கியம்தானே!

எல்லாவற்றிலும் டன், டன், டன். எண் பெரிதானால் விலை பெரிது. இது வெறும் பெருக்கல் கணக்கு சார். சிலிண்டரின் பரப்பு, பெருக்கல் எண்ணெய் அழுத்தம். நாலு அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 12.57 சதுர அங்குலம். பம்ப் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் 37,700 பவுண்டு. அமெரிக்க டன் 2,000 பவுண்டு. அதாவது 19 டன்கூட வராது. ஆனால் நாலு அங்குல சிலிண்டரைப் போட்டுவிட்டு 25 டன் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்? ஒன்று பம்ப் 4,000 பவுண்டு அழுத்த வேண்டும், இல்லையென்றால் ஸ்டிக்கர் பொய் சொல்ல வேண்டும். சிலிண்டரின் விட்டத்தைக் கேளுடா, டன்னைக் கேட்காதே என்றேன் நண்பனிடம்.

அதைவிட முக்கியம், அந்த டன் அவனுக்குத் தேவையே இல்லை. ஓரடிக்குள் குறுக்களவுள்ள, முடிச்சில்லாத பிர்ச் மரத்துக்கு மின்சாரத்தில் ஓடும் ஐந்தாறு டன் மெஷின் போதும். முறுக்கு நாரும் முடிச்சுமாக எல்ம் மரம் வந்து சேர்ந்தால்தான் பெரிய மெஷின். சுழல்சக்கர வேகத்தில் பிளக்கும் இன்னொரு ரகம், ஒரு கட்டைக்கு மூன்று வினாடி என்கிறது. நேர்க் கட்டையில் பறக்கும், முடிச்சில் மாட்டினால் முரண்டு பிடிக்கும். ஹைட்ராலிக் நிதானமாகப் போய் அழுத்தி முடித்துவிடும்.

முதுகுக்கு இதெல்லாம் சம்பந்தமே இல்லை. கட்டையைத் தூக்கி வைக்க வேண்டுமா, உருட்டி வைக்கலாமா என்பதுதான் அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நெட்டுக்குத்தாக நிமிர்த்திக்கொள்ளும் மெஷின்களில் பெருங்கட்டையை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் போதும். கிடைமட்ட மெஷினில் மேடை இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் இருந்தால் நூறு கட்டைக்கு நூறு குனிதல். விளம்பரத் தாளில் இந்த உயரத்தைப் பெரிய எழுத்தில் போட்ட புண்ணியவானை நான் காணவில்லை.

அப்புறம் அவன் ஒன்று சொன்னான். 'பையனும் கூட இருப்பான். பன்னிரண்டு வயசாச்சு. நான் கட்டையைப் பிடிச்சுக்கறேன், அவன் லீவரைத் தள்ளுவான். ஜாலியா இருக்கும்.'

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த மெஷின்களில் விரல் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் இயக்க. 'சரி' என்ற சத்தத்தை 'தள்ளு' என்று கேட்டுவிட்டால் முடிந்தது. ஐரோப்பாவில் வீட்டு மெஷின்களுக்கு இரண்டு கையும் இரண்டு பிடியில் இருந்தால்தான் ஆப்பு நகரும். கை அங்கே இருந்தால் கட்டையில் இருக்க முடியாதே, அந்த யோசனை. அமெரிக்கப் பெட்ரோல் மெஷின்களில் பெரும்பாலும் ஒரே லீவர்தான். கட்டை வைப்பதும் லீவர் தள்ளுவதும் ஒரே ஆள், பக்கத்தில் வேறு யாரும் கூடாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

கடைசியில் பி.காம். கைகொடுத்தது. வருஷத்துக்கு அவன் எரிப்பது நாலு கார்ட். மெஷின் ஓடப்போவது மிஞ்சினால் மூன்று, நாலு நாள். மீதி நாளெல்லாம் தார்ப்பாயின் கீழே தேய்மானம், கார்புரேட்டரில் கெட்டுப்போகும் பெட்ரோல். வாடகைக்கு எடு, இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் மூன்று வீடு சேர்ந்து ஒன்று வாங்கு என்றேன். வாடகைக்கு எடுத்துவிட்டான். நெட்டுக்குத்து ரகம்.

பையனுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

'அடுக்கறான்டா, அந்தக் கிழவர் மாதிரி. அதுல ஒரு சந்தேகம் கேக்கறான், உன் புத்தகத்துல போட்டிருக்கா பாரு. பட்டை மேலேயா, கீழேயா?'