மரணத்தின் பின்

மறைமலையடிகளின் ‘மரணத்தின்பின் மனிதர்நிலை’ 1911-இல் வெளிவந்தது. அதன் நடையை நாம் போற்றுகிறோம். ஆவியுலகை மெய்யெனக் கொள்ளும் முடிவை ஏற்பதற்கில்லை. 1848-இல் அமெரிக்காவில் ஆவிகளின் தட்டொலி எனப் பரபரப்பூட்டியது தம் கால்விரல் மூட்டொலியே என்று மார்கரெட் ஃபாக்ஸ் 1888-இலேயே மேடையேறி ஒப்புக்கொண்டுவிட்டார் அன்றோ?

இது வெறும் ஏட்டு வாதமன்று. பெரிய மருத்துவமனைக்குக் கடல் கடந்தே செல்லவேண்டிய எழுவைதீவு போன்ற ஊரில், நோயைப் பேயென நம்பிக் கழிப்புக் கழிக்கக் காத்திருந்தால் படகு போய்விடும். சிலவேளை உயிரும் போய்விடும்.

1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்த ஆபிரகாம் கோவூர், அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும்வரை வென்றார் எவருமிலர். தம் எலும்புக்கூட்டையோ அவர் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு எழுதிவைத்தார். மரணத்தின்பின் மனிதர்நிலைக்கு இதனினும் நேரிய விடையை நாம் கண்டதில்லை. ஆசிரியர்கள் அடிகளிடம் தமிழையும், கோவூரிடம் ஐயத்தையும் மாணவர்க்குக் கற்பிப்பார்களாக!