மூன்றாவது ரைடின் கணக்கு 1882-லேயே

சங்கராந்தி நாட்களில் சித்தூர், திருப்பதி பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் கபடியின் கடைசி ஐந்து நிமிடங்களைக் கவனியுங்கள். இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணியின் ரைடர் பாக் கோட்டைத் தாண்டுவார், யாரையும் தொடாமல் திரும்பிவிடுவார். அடுத்து வருபவரும் அப்படியே. விதிப்படி தவறில்லை. ஆனால் ஆட்டம் அங்கேயே உயிரை விட்டுவிடுகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்தாட்டமும் இந்த நோயைக் கண்டதுதான். 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என்று வென்றது. அணிக்கு 25 பேர். அப்போது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. 1880-ல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் முயற்சியால் அணிக்கு 11 பேர் என்றானது. பந்து வைத்திருக்கும் அணியிடமே அது தொடர்ந்து இருக்கலாம் என்ற விதியும் வந்தது. விளைவு? மறு ஆண்டே யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கொரு பாதி நேரம் பந்தைப் பொத்தி வைத்துக்கொண்டன. முடிவு 0-0. 1882-ல் கேம்ப் மருந்து கண்டுபிடித்தார்: மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேறு, இல்லாவிட்டால் பந்தைக் கொடு.

2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் 'டூ ஆர் டை' ரைடும் இதே கணக்குதான். ஒரு அணியின் இரண்டு ரைடு அடுத்தடுத்துப் புள்ளியில்லாமல் போனால், மூன்றாவதில் எடுத்தே ஆகவேண்டும். தவறினால் ரைடர் வெளியே. கேம்ப் பந்தைத்தான் பறித்தார், கபடி ஆளையே பறிக்கிறது. என் பார்வையில் இதுவே கூர்மையான விதி. ரைடர் தொட வந்தே தீருவார் என்று தெரிந்ததால் கார்னர் வீரர்கள் அவசரப்படாமல் காத்திருக்கிறார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவோ களத்தில் நின்று பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி. அதனால் ஆள் குறைந்த அணிகூட தன் ரைடை வெறுமையாக முடித்து, எதிரியை அவன் மூன்றாவது ரைடுக்குத் தள்ளிப் பார்க்கிறது. பின்தங்கிய அணிக்கு இவ்வளவு யோசிக்க இடம் தரும் விதி வேறு எந்த ஆட்டத்தில் இருக்கிறது?

விதி ஒருமுறை எழுதியதோடு முடிவதுமில்லை. 1905-ல் அமெரிக்க மைதானங்களில் மாணவர்கள் பலர் உயிரிழந்தபோது, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். 1906-ல் பந்தை முன்னால் எறிய அனுமதி வந்தது, 5 கஜம் 10 ஆனது. மோதலைக் குறைத்து ஆட்டத்தைக் காத்தார்கள்.

நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் கபடி 1961-ல் சேர்ந்தது. 2022 ஜனவரியில் திருப்பதி இந்திரா மைதானம் அகில இந்தியப் போட்டியையே நடத்தியது. ரசிகர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு காலத்தில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதியதுபோல இரண்டு ஊர்க் கல்லூரிகள் ஆண்டுதோறும் மோதும் போட்டி வேண்டும். திருப்பதி எஸ்.வி. கலைக் கல்லூரியும் சித்தூர் பி.வி.கே.என். அரசுக் கல்லூரியும் ஒரு வருடம் அங்கே, மறு வருடம் இங்கே என்று, மூன்றாவது ரைடு விதியோடு, மேட் விரிப்பில் ஆடட்டும். உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த ஆண்டே தேதி குறிக்கவேண்டும்.