மரணப் படுக்கையில் மன்னிப்பு: ஆட்சியாளரும் இறுதி மன்றாட்டும்

கத்தோலிக்கத் திருச்சபையின் பாவமன்னிப்பு மன்றாட்டுகளை ஊன்றிப் படிப்போர் அவற்றின் பணிவை மதிக்காமல் இருக்க இயலாது. திருப்பலியின் தொடக்கத்தில் ஓதப்படும் பாவ அறிக்கையில் அடியான் மார்பில் தட்டிக்கொண்டு, பழி முழுவதையும் தன் மீதே ஏற்றுக்கொள்கிறான். எண்ணம், சொல், செயல் ஆகியவற்றால் விளைந்த குற்றங்களோடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட குற்றத்தையும் 1970ஆம் ஆண்டின் திருப்பலி நூல் சேர்த்தது. அதிகாரத்தில் இருப்போரை எண்ணியே சேர்த்தார்களோ என்று கருதத் தோன்றும் சேர்க்கை இது. ஒரு நாட்டின் விதியைக் கையில் வைத்திருந்த மனிதரின் நாவில், மரணம் நெருங்கும் வேளையில், இம்மன்றாட்டு என்ன பொருள் பெறுகிறது என்பதே நம் கேள்வி.

பிரெஞ்சு அரசியல்வாதி தாலிராண்டின் முடிவு இதற்குப் பழைய சான்று. ஆயராக இருந்து, புரட்சிக் காலத்தில் திருச்சபையை எதிர்த்து, பின்னர் திருமணமும் செய்துகொண்டவர் அவர். 1838 மே 17 அன்று, இறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன்புதான் தமது கடந்த காலத்தைத் துறக்கும் அறிக்கையில் கையெழுத்திட்டார். அதன் வாசகம் பல நாட்களாகப் பேரம்போலத் திருத்தப்பட்டு வந்தது. அது திருச்சபைக்கு இழைத்த தவறுகளைப் பேசியது. பல ஆட்சிகளுக்கு மாறி மாறி ஊழியம் செய்து அவர் திரட்டிய செல்வமோ கணக்கில் வரவில்லை.

சிலியின் சர்வாதிகாரி பினோசெட், 2006 டிசம்பர் தொடக்கத்தில் மாரடைப்புக்கு உள்ளாகி, நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்தைப் பெற்று, அம்மாதம் 10ஆம் நாள் இறந்தார். குருவிடம் தனிமையில் அவர் என்ன கூறினார் என்பது அவருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது; அதில் நமக்கு உரிமையில்லை. ஆனால் பொதுவில் கூறியது நம் முன் உள்ளது. இறப்பதற்கு இரு வாரங்களுக்கு முன், தமது 91ஆம் பிறந்த நாளில், நடந்த அனைத்துக்கும் அரசியல் பொறுப்பை ஏற்பதாக அறிவித்தார். அவையெல்லாம் நாட்டைக் காக்கவே என்றும் சொன்னார். கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் மூவாயிரத்துக்கு மேல். சித்திரவதைக்குள்ளானோர் இன்னும் பல்லாயிரம். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு சொல்லும் அவ்வறிக்கையில் இல்லை. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கும் முன்பே காலம் முடிந்தது. அதே திருச்சபையின் சாந்தியாகோ பேராயம்தான் 1976 முதல் பாதிக்கப்பட்டோருக்காக ஓர் அமைப்பை நடத்தி வழக்காடியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மூன்றாவது, அமெரிக்க செனட்டர் எட்வர்டு கென்னடி. மூளைப் புற்றுநோயால் இறப்பதற்குச் சில வாரங்கள் முன், 2009 ஜூலையில், போப் பதினாறாம் பெனடிக்டுக்கு அவர் எழுதிய கடிதத்தை அதிபர் ஒபாமா நேரில் ஒப்படைத்தார். தம் குறைகளை ஒப்புக்கொண்டு அவர் பிரார்த்தனை வேண்டினார். கூடவே வறியோர்க்கும் குடியேறியோர்க்கும் தாம் ஆற்றிய பணிகளையும் எடுத்துரைத்தார். 1969இல் அவர் ஓட்டிய கார் நீரில் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்ததும், விபத்து நடந்த இடத்தை விட்டகன்ற குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டதும் உலகறிந்தவை. கடிதத்திலோ குறை பொதுச்சொல்லாக நின்றது. நற்பணிகள் பெயர் பெற்றன. ஆர்லிங்டன் கல்லறையில் அக்கடிதத்தை வாசித்த கர்தினால் மெக்காரிக், பாலியல் குற்றங்களுக்காக 2019இல் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கப்பட்டார். பாவத்தைப் பொதுச்சொல்லில் அறிக்கையிடுவது யார் யாருக்கெல்லாம் புகலிடமாகும் என்பதை இது காட்டுகிறது.

இதைக் கொண்டு கத்தோலிக்கக் கோட்பாட்டையே குறை கூறுவது நேர்மையாகாது. மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் என மூன்றையும் 1551இல் திரெந்து பொதுச்சங்கம் வலியுறுத்திற்று. இறைவன்மீது கொண்ட அன்பால் எழும் உத்தம மனஸ்தாபத்தையும், தண்டனைக்கு அஞ்சி எழும் வருத்தத்தையும் அது பிரித்துக் காட்டியது. அபகரித்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அத்திருச்சபையின் போதனையே. மரணப் படுக்கையில் அடிபடுவது இந்த மூன்றாவது கடமை. பரிகாரம் செய்யக் காலமும் உடலும் இல்லை. எஞ்சுவது சொல் மட்டுமே. அச்சொல்லையும் ஊர் கேட்கும்படி சொல்லும்போது, இறைவனிடம் கோரிய மன்னிப்பு வரலாற்றிடம் பெற்ற விடுதலையாக உருமாறிவிடுகிறது.

நம் மார்க்க அறிஞர்களும் இவ்விடத்தில் உறுதியாக நின்றனர். மரணம் கண்முன் வந்த பின்னர் உரைக்கும் தவ்பா ஏற்கப்படாது என்று அந்நிஸா அத்தியாயம் எச்சரிக்கிறது. மூழ்கும் தறுவாயில் ஃபிர்அவ்ன் மொழிந்த ஈமான் பயனற்றுப் போனதை யூனுஸ் அத்தியாயம் உரைக்கிறது. அடியார்க்குரிய உரிமைகளைப் பறித்தவன் அவற்றை உரியவரிடம் ஒப்படைக்காமல் தவ்பா நிறைவுறாது என்பது அறிஞர்களின் முடிவு. எனினும் இவ்வளவுகோலை அயலார்மீது மட்டும் வைப்பது நமக்குத் தகாது. ஈராக்கைக் குருதியில் ஆண்ட ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃப், இறக்கும் வேளையில் இறையருளை நம்பி இறைஞ்சியதாக வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். அருளின் எல்லையை வரையறுக்க நாம் யார்? ஆனால் அவனால் மாண்டோரின் வழக்கு அந்த இறைஞ்சலால் முடிந்துவிட்டதென்று எவரும் கூறவில்லை.

கத்திக்குத்துண்டு கிடந்த உமர் (ரலி) தம் மகனை அழைத்து, தமக்குள்ள கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 திர்ஹம் என்று தெரிந்ததும், அதைத் தீர்க்கும் வழியை வகுத்துக் கொடுத்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். நம்மையும் கத்தோலிக்கரையும் ஆண்டவர்களை, அவர்கள் இறுதியில் ஓதிய மன்றாட்டைக் கொண்டல்ல, அதற்கு முன் அழைத்துப் பார்த்த கணக்கைக் கொண்டே எடைபோட வேண்டும். மன்னிப்பு இறைவனுடையது, கணக்கு மக்களுடையது.