குதிரை கற்பித்த ஆராய்ச்சி முறை

உளநூலில் ஆராய்ச்சி முறை பயிலப் புகும் மாணவன் புள்ளிவிபரச் சூத்திரங்களுக்கு முன்னரே கற்கத்தக்க நூல், ஹான்ஸ் என்னும் குதிரையைப் பற்றி ஒஸ்கார் பூங்ஸ்ற் 1907இல் வெளியிட்ட ஆய்வாகும். பேர்லினில் வொன் ஒஸ்ரன் என்பார் வளர்த்த இக்குதிரை, கணக்குகளுக்கு விடையைக் குளம்பாற் தட்டிக் காட்டிற்று. 1904இல் அதனை ஆராய்ந்த குழுவினர் சூழ்ச்சி யாதுமில்லை என்றனர். அவர் கூற்றுப் பொய்யன்று. அவர் கேட்ட கேள்வியே போதாதது. பேராசிரியர் ஸ்ரும்பின் கீழ்ப் பயின்ற பூங்ஸ்ற், எண் அட்டையைக் காட்டுவோர் தாமும் அவ்வெண்ணை அறியாதவாறு செய்தார். அறிந்தோர் காட்டியபோது நூற்றுக்கு 98 ஆயிருந்த சரியான விடைகள், அறியாதோர் காட்டியபோது 8 ஆகக் குறைந்தன. தட்டல் உரிய எண்ணை எட்டியதும் வினவுவோர் தலை அவரறியாமலே சிறிது நிமிரும்; அதுகண்டு குதிரை நிறுத்தும்.

பின்னர் ஆசிரியர் தாமே குதிரையின் இடத்தை ஏற்றுத் தட்டினார். எண்ணொன்றை மனத்துட் கொண்டு அருகில் நின்ற 25 பேருள் இருவர் நீங்கலாக ஏனையோர் அதனைத் தலையசைவாற் காட்டிக்கொடுத்தனர். பாடநூல்கள் பல குதிரையை வேடிக்கைக் கதையாக்கி, நூலின் உயிராகிய இப்பகுதியை விட்டுவிடுகின்றன. தோழனையே பரிசோதனைக்கு இருத்தி, எதிர்பார்க்கும் விடையை முகக்குறிப்பிலே காட்டி நிற்கும் மாணவனுக்கு வேண்டுவது இதுவன்றோ?

நூலிலும் குறையுண்டு. இந்நுண்ணிய அசைவைக் குதிரை எவ்வாறு கற்றது என்பதற்கு ஆசிரியர் தருவது ஊகமேயன்றிச் சோதனையன்று.