கதை சொல்லத் தெரியாதவர்களின் வழக்கு

அமெரிக்காவில் ஆவணமின்றி வாழ்பவர்களைப் பற்றிய நான்கு நூல்கள் கடந்த ஈராண்டுக்குள் என் கைக்குக் கிட்டின. கொழும்பில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பினார். நான்கும் ஆங்கில நூல்கள். ஆசிரியர் கலாசாலையில் கற்ற ஆங்கிலத்தை நம்பி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கமாக வாசித்தேன். மெதுவாக வாசித்ததில் ஒரு நன்மை இருந்தது. எந்த நூல் மெதுவான வாசிப்பைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பது தெரிந்துவிட்டது.

தாங்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெனீன் கம்மின்ஸின் 'அமெரிக்கன் டேர்ட்' 2020இல் பெரும் ஆரவாரத்தோடு வெளிவந்த நாவல். மெக்சிக்கோவின் அகபுல்கோ நகரில் புத்தகக் கடை நடத்தும் ஒரு பெண்ணின் குடும்பத்தைப் போதைப்பொருட் கும்பலொன்று சுட்டுத் தள்ள, அவள் எட்டு வயது மகனோடு தப்பி, சரக்கு ரயில்களின் கூரையில் ஏறி வடக்கே ஓடுகிறாள். ஒப்ரா வின்ஃப்ரே தமது வாசகர் வட்டத்துக்கு அதைத் தெரிவு செய்தார். மெக்சிக்க வம்சாவளி எழுத்தாளர்கள் கொதித்தெழ, பதிப்பகம் நூலாசிரியையின் சுற்றுப்பயணத்தை இரத்துச் செய்தது. அனுபவிக்காதவர் எழுதலாமா என்பதே அங்கு நடந்த சண்டையின் சாரம். அந்தச் சண்டை நமக்கும் புதிதல்ல. எனக்கு அதில் பெரிய அக்கறையில்லை. அகதி முகாமைக் காணாதவர் அதைப் பற்றி நல்ல கதை எழுதியதும் உண்டு. அங்கேயே கிடந்து வளர்ந்தவர் மோசமாக எழுதியதும் உண்டு.

என் முறைப்பாடு வேறு. இந்த நாவலில் எல்லையைக் கடப்பதோடு கதை ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அப்பால் உள்ள வாழ்க்கைக்குக் கடைசியில் சில பக்கங்களே ஒதுக்கப்பட்டுள்ளன. துரத்துபவன் கொள்ளைக்காரன், ஓடுபவள் தாய், கோட்டைத் தாண்டினால் மூச்சு விடலாம் என்ற கணக்கில் எழுதப்பட்ட நூல் இது. சட்டம் என்பது இதில் ஒரு பாத்திரமாகவே இல்லை. ஆவணமற்றவரின் கதையோ அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லாமல் ஏனைய நூல்களைப் பேச முடியாது. 'முறைப்படி வரிசையில் நின்று வந்திருக்கலாமே' என்று நம்மவர்களும் கேட்பதுண்டு. கூலி வேலைக்கு வருபவருக்கு அப்படியொரு வரிசை பெரும்பாலும் கிடையாது. விசேட பயிற்சி தேவைப்படாத தொழில்களுக்கு நிரந்தர வதிவிட அனுமதி ஆண்டொன்றுக்கு 10,000க்கு மேற்படாது. அதுவும் குடும்பத்தினரையும் சேர்த்து, உலகம் முழுவதற்கும். 1986இல் ரேகன் கையொப்பமிட்ட சட்டத்தினால் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் வதிவிட உரிமை பெற்றார்கள். அதற்குப் பின் அவ்வளவு பெரிய மன்னிப்பு எதுவும் வரவில்லை. 1996இல் கிளின்டன் கையொப்பமிட்ட சட்டமோ கதவை வெளிப்புறமாகவும் பூட்டியது. அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல் தங்கியவர் நாட்டை விட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகளுக்கும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் வெளியேறினால் பத்து ஆண்டுகளுக்கும் திரும்பி வர முடியாது. களவாக எல்லை கடந்தவர் அமெரிக்கப் பிரஜை ஒருவரைத் திருமணம் செய்தாலும், விசா பெறுவதற்குத் தாய்நாட்டிலுள்ள தூதரகத்துக்குப் போக வேண்டும். போனால், விதிவிலக்குக் கிடைத்தாலன்றி, பத்தாண்டுத் தடை விழும். ஆகவே போகாமல் இருந்துவிடுகிறார்கள். பியூ ஆய்வு நிலையம் 2023ஆம் ஆண்டுக்கு இவர்களது தொகையை 1 கோடி 40 இலட்சம் என மதிப்பிட்டிருக்கிறது. குடிவரவு நீதிமன்றத்தில் நடப்பது குற்றவியல் வழக்கல்ல என்பதால், அரச செலவில் சட்டத்தரணி கிடைக்கும் உரிமையும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதே விதிதான்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றியது வலேரியா லுயிசெல்லியின் 'டெல் மீ ஹவ் இட் எண்ட்ஸ்' (2017). கதை எப்படி முடிகிறது சொல்லுங்கள் என்று நூலாசிரியையின் மகள் கேட்கும் கேள்வியே தலைப்பு. மெக்சிக்கோவில் பிறந்து நியூயோர்க்கில் வாழும் நாவலாசிரியையான இவர், 2015இல் அங்குள்ள குடிவரவு நீதிமன்றத்தில் தொண்டர் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டில் மட்டும் பெற்றோர் துணையின்றித் தெற்கு எல்லையில் பிடிபட்ட பிள்ளைகள் 68,000க்கும் அதிகம். ஹொண்டுராஸ், குவாத்தமாலா, எல் சல்வடோர் பிள்ளைகளே மிகுதி. ஒபாமா நிர்வாகம் இவர்களது வழக்குகளை முன்னுக்குக் கொண்டுவந்து விரைவுபடுத்தியது. சட்டத்தரணி தேடிக்கொள்ள 21 நாட்கள் போல அவகாசம். அதற்கிடையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாற்பது கேள்விகள் கொண்ட படிவமொன்றை வைத்துக் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அந்தப் பதில்களைப் பார்த்தே ஒரு சட்டத்தரணி வழக்கை ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்வார். நூல் அந்த நாற்பது கேள்விகளின் வழியிலேயே போகிறது.

பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை என்பதுதான் லுயிசெல்லி கண்டது. நடு முதலில் வருகிறது, முடிவு வருவதேயில்லை. குவாத்தமாலாவிலிருந்து வந்த ஐந்து வயதும் ஏழு வயதுமான இரு சகோதரிகளை அவர் காட்டுகிறார். அவர்களைக் கடத்தற்காரனிடம் ஒப்படைக்குமுன் பாட்டி, நியூயோர்க்கிலிருக்கும் தாயின் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை இருவரது சட்டைக் கழுத்துப் பட்டியிலும் நூலால் தைத்துவிட்டாள். எண்ணை மனப்பாடமாக்க முடியாத வயது. படிவத்தின் கேள்விகளுக்கு அந்தக் குழந்தைகளிடம் பதிலில்லை. வகுப்பில் சிறு பிள்ளைகளோடு இருபது வருடம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 'நேற்று ஏன் வரவில்லை' என்ற கேள்விக்கே ஆறு வயதுப் பிள்ளை ஒழுங்கான காரணம் சொல்லாது. ஆடு குட்டி போட்டது என்று ஆரம்பிக்கும்.

இதைவிட உறுத்துகின்ற ஓரிடம் உண்டு. எந்தப் பதில் வழக்குக்கு நல்லது? கும்பல் வெட்டியது, தகப்பன் அடித்தான், தாய் கைவிட்டாள் என்ற பதில்தான் நல்லது. 'வீட்டில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள்' என்று பிள்ளை சொன்னால் வழக்கு சாய்ந்துவிடும். ஆகவே எதிரில் இருக்கும் குழந்தைக்குக் கொடுமை நடந்திருக்க வேண்டுமென்று மொழிபெயர்ப்பாளர் உள்ளூர எதிர்பார்க்கத் தொடங்குகிறார். இந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கு நமது சிறுகதைப் போட்டிகளின் நினைவு வந்தது. போர்க் கதை, அகதிக் கதை என்று வரும் ஆக்கங்களில் யாருக்கு அதிகம் நேர்ந்தது என்று பார்த்து நாமும் புள்ளி போட்டிருக்கிறோம் அல்லவா?

இந்த இடத்தில், நூல்களுக்கு வெளியே உள்ள ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். அதில் கதை சொன்னவர் நம் நாட்டவர். 2017 பெப்ரவரியில் இலங்கைத் தமிழ் விவசாயி ஒருவர் மெக்சிக்கோ வழியாகக் கலிபோர்னியாவுக்குள் நுழைந்து, எல்லைக்கு 25 யார் உள்ளே பிடிபட்டார். 1996ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கிய விரைவு வெளியேற்ற முறையின் கீழ் அதிகாரி ஒருவர் அவரை விசாரித்தார். சிலர் தம்மைக் கடத்திப்போய்க் கடுமையாக அடித்ததாக அவர் சொன்னார். யார் அவர்கள், ஏன் அடித்தார்கள் என்றதற்குத் தெரியாது என்றார். அடி விழுந்தது உண்மை என்பதை அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஆனால் யார், ஏன் என்ற இரண்டும் இல்லாததால் புகலிடம் கோரும் அடுத்த படிக்கு அவர் தகுதியற்றவரானார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அவரது பெயராலேயே அறியப்படுகிறது. 2020 ஜூன் 25இல், அந்த முடிவை நீதிமன்றத்தில் மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை அவருக்கில்லை என ஏழு நீதியரசர்கள் ஒருபுறமும், சோட்டோமேயர், கேகன் ஆகிய இருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பாயிற்று.

ஒரு மனிதனை வானில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் பெயர் ஊர் சொல்லிவிட்டா தூக்குவார்கள்? அந்த வானின் நிறத்தைக் கேட்காமலே நமக்குத் தெரியும். 'யாரென்று தெரியாது' என்பது நம் நாட்டில் ஒரு முழுமையான பதில். அதைவிடக் கூடச் சொல்லியிருந்தால்தான் நாம் ஐயப்பட்டிருப்போம். அதே பதில் அங்கே கதையின் ஓட்டையாகிவிட்டது. சொன்னவனிடம் குறையில்லை, கேட்டவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. விமர்சனம் என்ற நம் தொழிலில் இது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் நாம் பிழையாக வாசித்தால் ஒரு புத்தகத்துக்குத்தான் நட்டம்.

மூன்றாவது நூல், ஹொசே அன்டோனியோ வார்காஸின் 'டியர் அமெரிக்கா' (2018). 1993இல் பன்னிரண்டு வயதில் பிலிப்பைன்சிலிருந்து கலிபோர்னியாவிலுள்ள பாட்டனாரிடம் அனுப்பப்பட்டவர். பதினாறு வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போன இடத்தில், தம்மிடமிருந்த வதிவிட அட்டை போலியென்று ஓர் எழுதுவினைஞரின் வாயால் அறிகிறார். பின்னாளில் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளராகி, 2008இல் புலிட்சர் பரிசு பெற்ற செய்திக் குழுவில் ஒருவரானார். 2011இல் தாம் ஆவணமற்றவர் என்பதைத் தாமே பகிரங்கமாக எழுதினார். அடுத்த ஆண்டு ஜூன் 15இல் ஒபாமா, சிறுவயதில் வந்தவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அறிவித்தபோது வயதெல்லை முப்பத்தொன்றுக்கு உட்பட்டது. வார்காஸ் நான்கு மாதங்களால் தவறிவிட்டார்.

இந்த நூலில் எனக்குப் பிடித்த மனிதர்கள் ஆசிரியர்கள். உயர்தரப் பள்ளியின் பாடகர் குழு ஜப்பான் போகத் திட்டமிடுகிறது. கடவுச்சீட்டு எடுக்க முடியாத வார்காஸ், ஆசிரியையிடம் தனியே உண்மையைச் சொல்கிறார். ஆசிரியை பயணத்தை ஹவாய்க்கு மாற்றிவிடுகிறார். வேறெதுவும் செய்யவில்லை, வேறெவருக்கும் சொல்லவில்லை. இப்படியான பிள்ளை வகுப்பில் இருப்பதே ஒரு தீர்ப்பின் பலன் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். டெக்சாஸ் மாநிலம் 1975இல் ஆவணமற்ற பிள்ளைகளின் கல்விக்குப் பணம் தருவதை நிறுத்தியது. டைலர் என்ற ஊரில் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டொலர் கேட்டார்கள். பெற்றோர் வழக்காடினார்கள். நாடு கடத்தப்பட்டால் அப்படியே போவதற்கு ஆயத்தமாகச் சாமான்களையும் காரில் ஏற்றிக்கொண்டு வழக்குக்கு வந்த குடும்பங்கள் உண்டு. 1982இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் பள்ளிக் கதவைத் திறந்துவைத்தது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் கொண்டுவராத பிள்ளையை முன்வரிசையில் இருத்திவிட்டு, இடாப்பில் பெயரை எப்படிப் பதிவதென்று யோசித்த ஆசிரியர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

நூலாக நோக்கினால் வார்காஸிடம் ஒரு பலவீனமுண்டு. பரிசு, வரி கட்டிய கணக்கு, உழைப்பு எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. 'நான் தகுதியானவன்' என்ற வாதத்தை அவர் வெறுக்கிறார். ஆனாலும் அதை விட்டு எழுத அவரால் முடியவில்லை. பரிசு பெறாதவனின் கதி என்ன?

அதற்குப் பதில் கார்லா கொர்னேஹோ வியாவிசென்சியோவின் 'தி அன்டொக்கியுமென்டட் அமெரிக்கன்ஸ்' (2020). எக்குவடோரில் பிறந்து சிறுவயதில் கொண்டுவரப்பட்டு, ஆவணமற்றவராகவே ஹார்வர்டில் பட்டம் பெற்றவர் இவர். பத்திரிகைகள் விரும்பும் கெட்டிக்கார மாணவி என்ற கதை அவர் கையிலேயே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, தெருவோரத்தில் கூலி வேலைக்குக் காத்து நிற்பவர்களையும், 2001 செப்டெம்பர் தாக்குதலின் பின் இடிபாடுகளைத் துப்புரவாக்கி நுரையீரல் கெட்டவர்களையும், பிளின்ட் நகரில் ஈயம் கலந்த நீரைக் குடித்தவர்களையும் தேடிப் போகிறார். பிளின்டில் போத்தல் நீர் வழங்கியபோது, அடையாள அட்டை கேட்பார்கள் என்ற பயத்தில் ஒதுங்கியவர்கள் இருந்தார்கள். கதவு தட்டப்பட்டாலும் திறக்கவில்லை. இவரது மனிதர்களில் நல்லவர்களும் உண்டு, எரிச்சலூட்டுபவர்களும் உண்டு. யாருக்கும் நற்சான்றிதழ் எழுதப்படவில்லை. சில இடங்களில் ஆசிரியை தமது கோபத்தையும் நோயையும் முன்னால் வைத்து மற்றவரை மறைத்துவிடுகிறார் என்பதும், கற்பனையையும் கேட்டறிந்ததையும் பிரித்துக் காட்டாமல் கலக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் பெயர்களை மாற்றி, ஒலிப்பதிவுக் கருவியைத் தவிர்த்து, கையால் எழுதிய குறிப்புகளையும் அழித்துவிட்டே நூலை வெளியிட்டிருக்கிறார். ஆதாரம் எங்கே என்று கேட்கும் விமர்சகருக்கு நான் சொல்வது, அந்த ஆதாரத்தைத் தேடி வேறு ஆட்களும் வருவார்கள் என்பதே.

இவற்றுள் ஒன்றைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வருவதானால் லுயிசெல்லியையே சிபாரிசு செய்வேன். நூறு பக்கத்துக்குச் சற்றுக் கூடிய சிறு நூல்தான். நானும் முயன்று, முதற் கேள்வியிலேயே மூன்று நாள் நின்றேன். இந்த நாட்டுக்கு வந்த காரணத்தைப் பிள்ளையிடம் கேட்கும் கேள்வி அது. ஆங்கிலத்துக்கு அதில் தொல்லை எதுவுமில்லை. தமிழில் 'ஏன் வந்தாய்' என்று எழுதினால் அதட்டுவது போலிருக்கிறது. 'ஏன் வந்தீர்கள்' என்றால் எந்த அதிகாரி ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்டார் என்று வாசகர் சிரிப்பார். 'ஏன் மகள் வந்தீங்க' என்று நம் ஊர்ப்பேச்சில் எழுதிப் பார்த்தேன். அது நீதிமன்றமாக இல்லாமல் வீடாகிவிட்டது. மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.